கம்பம் காற்றுக்கு எந்த விமானம்?

தமிழ்நாட்டில் காற்றாலைக்குத் தோதான கணவாய்கள் என்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய நான்கைச் சொல்வார்கள். வைகாசியில் கிளம்பும் மேல்காற்று புரட்டாசி வரை கம்பம் பள்ளத்தாக்கை விடாது. இங்கே ரிமோட் விமானம் பழக நினைப்பவர் விலையைப் பார்ப்பதற்கு முன் காற்றைப் பார்க்க வேண்டும்.

உத்தமபாளையம் பக்கம் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் கல்லூரிப் பையன்கள் சிலர் விமானம் செய்துகொண்டிருந்தார்கள். கற்றுக்கொடுக்கும் அண்ணன் பகலில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். தெர்மாகோல் இறக்கையை ஒட்ட ஒரு பையன் ஃபெவிக்விக்கை எடுத்ததும், "அத வையி தம்பி" என்று தடுத்தார். ஒரு கழிவுத் துண்டில் ஒரே சொட்டு விட்டுக் காட்டினார். பசை தெர்மாகோலைத் தின்றுகொண்டே கீழே இறங்கி, விரல் நுழையும் குழி விழுந்தது.

புதிதாகப் பழகுபவருக்கு உடலுக்கு மேலே இறக்கை வைத்த விமானம்தான் சரி. இறக்கையின் அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் மெதுவாகப் போனாலும் மிதக்கும். இரு நுனிகளும் சற்று மேல்நோக்கி இருந்தால், சாய்ந்தாலும் தானே நிமிரும். அதனால் மோட்டார், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், இடவலம் திருப்பும் ரட்டர் என்று மூன்று கட்டுப்பாடு போதும் என்பார்கள். காற்றில்லாத ஊருக்கு அது பொருந்தும். இங்கே பக்கக்காற்று அடித்தால், தூக்கிய அந்த நுனியே காற்றை வாங்கி விமானத்தைப் புரட்டப் பார்க்கும். ரட்டர் மட்டும் இருந்தால் நிமிர்த்த நேரமாகும், அதற்குள் தென்னந்தோப்பு வந்துவிடும். கம்பத்துக்காரர் முதல் விமானத்திலேயே, இறக்கையின் பின்விளிம்பில் அசைந்து விமானத்தைச் சாய்த்து நிமிர்த்தும் எய்லரான் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் முடிவு. அண்ணனும் அதைத்தான் செய்கிறார்.

ரிமோட்டில் இடது குச்சி மோட்டாருக்கும் ரட்டருக்கும், வலது குச்சி எலிவேட்டருக்கும் எய்லரானுக்கும். பழகாத கை வெடுக்கென்று இழுக்கும். அதனால் குச்சியின் நடுப்பகுதியை மந்தமாக்க எக்ஸ்போவை முப்பது சதவீதம் வரை ஏற்றிவைக்கிறார். வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும். ஒவ்வொரு முறை பறக்கவிடும் முன்பும், விமானத்தின் பின்னால் நின்று பையன்கள் இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறார்கள்.

எடைச் சமநிலையில் அண்ணன் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை. இறக்கை அகலத்தில், முன்விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இரண்டு விரலால் ஏந்தினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். "மூக்கு கனத்தா சோம்பலாப் பறக்கும், வால் கனத்தா ஒரு தடவதான் பறக்கும்" என்றார்.

விடிந்ததும், காற்று எழுமுன், அறுவடை முடிந்த வயலுக்குப் போனோம். விமானம் நம்மை நோக்கித் திரும்பும்போதுதான் இடவலம் குழம்பும். "எந்த றெக்க தாழுதோ அந்தப் பக்கமே குச்சியத் தள்ளு" என்று அண்ணன் பையனின் தோளருகே நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். இறங்கும்போது வரப்பில் தட்டி வால் கீறியது. டேப் ஒட்டினார்கள். டேப்பின் எடை வாலில் ஏறிவிட்டதால் பேட்டரியை ஒரு விரற்கடை முன்னே தள்ளி, மறுபடி விரல்களில் ஏந்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பையனிடம் ரிமோட்டைக் கொடுத்தார்.