பாதுகாவலரும் சட்டத்தரணியும்

உறவுப் பிள்ளையொன்றுக்குப் பாதுகாவலராக விரும்புவோர் சட்டத்தரணியை அமர்த்தியே தீரவேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. சட்டம் அவ்வாறு கூறவில்லை. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி எவரும் தம் வழக்கில் தாமே தோன்றலாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, மனுவைச் சிங்களத்திலேனும் தமிழிலேனும் கொடுக்க உரிமை தருகிறது. கண்டி மாவட்ட நீதிமன்றத்திலும் தமிழ் மனு செல்லும் என்பதை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்?

ஹந்தானைப் பக்கத்துத் தோட்டத்து மூதாட்டி ஒருவர், தாய் தந்தையற்ற பேரனுக்காக என்னிடம் வந்தார். "ஐயா, லாயருக்குக் குடுக்க இந்தத் தோட்டை அடகு வைக்கவா?" என்றார். வேண்டாம் என்றேன், ஆனால் தனியே போகவும் விடவில்லை. பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு வேறு, அதன் சொத்தைப் பேணும் பொறுப்பு வேறு. பேரனுக்கோ தகப்பன் விட்டுச்சென்ற பணம் இருந்தது. மனுவில் ஒன்றைக் கேட்டு மற்றதை விட்டுவிட்டால் மறுபடியும் நீதிமன்றப் படி ஏறவேண்டிவரும். சத்தியக்கடதாசியில் ஒரு பெயர் மாறினாலும் தவணைமேல் தவணைதான். தோட்டத்துப் பதிவுகளிலே நம் பெயர்கள் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ!

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் தோன்றிய சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் நிலையம் உண்டு. வருமானம் குறைந்தவர்க்கு அங்கே சட்டத்தரணியின் உதவி இலவசம். பிறப்பு, மரணச் சான்றிதழ்களுடன் மூதாட்டியை அங்கு அனுப்பினேன். பேரனுக்கு 18 வயதாகும்வரை அப்பணத்துக்குக் கணக்குக் காட்டும் கடமையையும் அவர்களே அவருக்கு விளக்கினர்.