சொட்டும் மருந்துதான்!

தஞ்சாவூரில் இருக்கும் அந்த அம்மாவுக்கு வயது 67. ஆறு வருடங்களாக மயஸ்தீனியா கிரேவிஸ். நரம்பு அனுப்பும் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை, உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்கிக் கெடுக்கும் நோய். காலையில் தெம்பாக இருப்பார். சாயங்காலம் ஆனால் இமை சரியும், பேச்சு குழறும். பைரிடோஸ்டிக்மின் மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டு கோலம், சமையல் என்று சமாளித்து வந்தார்.

சித்திரை மாதம் எல்லாம் குலைந்தது. காலையிலேயே இமையைத் தூக்க முடியவில்லை. கரைத்துக் கொடுத்த ரசம் சாதம்கூடப் புரையேறியது. ''வயசாயிடுச்சுல்ல...'' என்றார் கணவர். மருமகளுக்கு மனசு ஒப்பவில்லை. நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனார்.

''புதுசா ஏதாவது மருந்து ஆரம்பிச்சீங்களாம்மா?''

''இல்லீங்க டாக்டர், அதே மாத்திரைதான்.''

''அத்தை, கண்ணுக்குச் சொட்டு விடுறீங்களே?''

''அது சொட்டுதானேம்மா, மருந்தா?''

கண் அழுத்த நோய்க்காக இரண்டு மாதத்துக்கு முன் ஆரம்பித்த டிமோலால். 'வேற வியாதி இருக்கா?' என்று அங்கே கேட்டபோது, 'சுகர், பி.பி இல்லை' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் விளக்கினார். டிமோலால், 'பீட்டா பிளாக்கர்' வகை. ரத்த அழுத்தம், படபடப்புக்குத் தரும் அட்டெனலால், மெட்டோப்ரோலால், ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் தரும் ப்ரோப்ரனலால் எல்லாம் இதே குடும்பம். மயஸ்தீனியா உள்ள சிலருக்கு இவை பலவீனத்தை அதிகமாக்கலாம். கண்ணில் விடும் சொட்டும் மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலந்துவிடும். மூச்சுவிடும் தசை தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

''அப்போ இன்னிக்கே நிறுத்திடட்டுமா டாக்டர்?''

''நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. கண்ணுல அழுத்தம் ஏறினா பார்வை போயிடும். இதயத்துக்காக பீட்டா பிளாக்கர் சாப்பிடுறவங்க திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து. எல்லாருக்கும் இப்படி ஆகுறதில்லை. அவசியம்னா கண்காணிச்சுக் கொடுப்போம்.''

அங்கிருந்தே கண் டாக்டரிடம் போனில் பேசினார். வேறு வகைச் சொட்டு மருந்துக்கு மாற்றினார்கள். சில வாரங்களில் விழுங்குவது சுலபமானது. ஆடிப்பெருக்குக்குச் சித்ரான்னம் கிளறியது அந்த அம்மாதான்.

இப்போது அவர் பர்ஸில் ஒரு காகிதம் இருக்கிறது. நோயின் பெயர், மாத்திரை, சொட்டு, தைலம் எல்லாம் மருமகள் கையெழுத்தில். போன வாரம் பல்வலிக்குப் போனபோது, வாயைத் திறப்பதற்கு முன்னால் அதைத்தான் எடுத்து நீட்டினார்.