கண்டக்டர் பையும் ஏலக் காசும்

மே 3

அண்ணி பெட்டியைப் பட்டறைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணனுக்குக் காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "தம்பி, அவுக ராத்திரி ராத்திரியா போன்ல ஏலம் கேட்டு வாங்குனது. பாப்பா காலேஜுக்கு ஆகும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. என்ன பெறும்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். காப்பிகூடக் குடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

பெட்டியில் ஓர் ஆல்பம். ஒவ்வொரு பிளாஸ்டிக் உறையிலும் காசு, பின்னால் மடித்துச் செருகிய ரசீது. ரசீதுகளைக் கூட்டினேன். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் இதில் போயிருக்கிறது. அடியில் அண்ணனுடைய பழைய கண்டக்டர் பை, வாரால் இறுக்கிக் கட்டியபடி. அதை அவிழ்க்க இன்று மனம் வரவில்லை.

மே 4

தூக்கமில்லை. தராசைத் துடைத்துவைத்தேன்.

மே 9

ஆல்பத்தில் முதலில் சேது காசு நான்கு. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட செம்புக் காசுகள் இவை. ஒரு பக்கம் நிற்கும் உருவம். மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் 'சேது'. இவற்றை நம் ராமநாதபுரம் சேதுபதிகளின் காசு என்று எண்ணியவர்கள் உண்டு. யாழ்ப்பாண அரசர்களுடையவை என்று வாதாடியவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். கோட்ரிங்டன் 1924-இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலிலும் சேது காசுகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

லென்சை மாட்டிக்கொண்டு முதல் காசை எடுத்தேன். நந்தியின் திமிலுக்கு மேலே விளிம்பில் சின்ன வெடிப்பு. இரண்டாவதை எடுத்தேன். அதே இடத்தில், அதே நீளத்தில் வெடிப்பு. மூன்றாவதிலும் அப்படியே. முப்பது வருடமாக வார்ப்பு வேலை பார்க்கிறவனுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. அந்தக் காலத்துக் காசு சம்மட்டியால் அடித்தது. கையால் வெட்டிய செம்புத் தகட்டை இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்து அடிப்பார்கள். அச்சு ஒன்றாகவே இருந்தாலும் ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு பக்கம் விலகும், ஒவ்வொரு தகடும் வேறு இடத்தில் வெடிக்கும். மூன்று காசுக்கு ஒரே வெடிப்பு என்றால், ஏதோ ஓர் அசல் காசை அச்செடுத்து, அதன் காயத்தையும் சேர்த்து வார்த்திருக்கிறார்கள்.

பிறகு எல்லாம் வரிசையாகக் கண்ணில் பட்டது. எழுத்தின் ஓரம் சோப்புக் கட்டி கரைந்ததுபோல் மழுங்கியிருக்கிறது. நந்தியின் வயிற்றுப் பக்கம் ஊசிமுனைக் குழிகள், உருகிய உலோகத்தில் காற்று தங்கிய இடம். விளிம்பில் வார்ப்புக் கோட்டை மறைக்க அரம் போட்டிருக்கிறார்கள். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தடவினேன், பஞ்சு பச்சையானது. நூற்றாண்டுகளாக ஏறிய களிம்பு அப்படிப் போகாது. தண்ணீரில் தொங்கவிட்டும் நிறுத்தேன். செம்பு தண்ணீரைவிட 8.96 மடங்கு கனம். இவை அதற்கும் கீழே நின்றன. பித்தளை கலந்திருக்க வேண்டும்.

நான்காவதில் வெடிப்பு இல்லை. ஆனாலும் அதே மழுங்கல், அதே குழிகள்.

நான்கு ரசீதிலும் ஒரே வாசகம்: ராமேஸ்வரம் கடற்கரையில் கிடைத்தது. உப்புநீரில் கிடந்த செம்பு இப்படி வழவழப்பாக வராது. குளோரைடு உள்ளே இறங்கி, வெளிர்பச்சைப் பொடியாகத் தின்றுகொண்டே இருக்கும். அண்ணன் இந்தக் கரையில் பிறந்தவர். விற்றவன் எங்கள் கடலின் பேரைச் சொல்லியே அவரை ஏமாற்றியிருக்கிறான். கோபத்தில் கை நடுங்கியது. கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டேன்.

மே 10

அடுத்த பக்கம் 1818 என்று ஆண்டு போட்ட, கிழக்கிந்தியக் கம்பெனி பேர் பொறித்த அரையணா. ராமர் பட்டாபிஷேகம் ஒன்று, அனுமார் ஒன்று. இதுகளைப் பார்க்க லென்சே வேண்டாம். சென்னை நட்சத்திரப் பகோடாவில் திருமால் உருவம் உண்டு என்பது உண்மை. ஆனால் 1818-இல் கம்பெனி இப்படி அணா அடித்ததே இல்லை. பூஜை அறையில் வைக்கச் செய்த வில்லையைப் பழங்காசு என்று விற்கிறார்கள்.

ஆல்பத்தில் அசலும் இருக்கிறது: சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த 1808-ஆம் வருடத்து இருபது காசு. இப்படிப்பட்ட காசுகளை டன் கணக்கில் ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரை தாண்டுமுன்பே மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் முங்கி எடுத்தார்கள். ஏராளமாகக் கிடைத்ததால் விலை குறைவு. அண்ணன் வாங்கியதிலேயே மலிவானது இதுதான்.

மே 12

அண்ணிக்கு ஒரு போன் வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி அனுமதி வாங்கித் தருகிறார்களாம், அண்ணனுடைய காசுகளைப் பல லட்சத்துக்கு எடுத்துக்கொள்வார்களாம், முதலில் வரி மட்டும் கட்ட வேண்டுமாம். வங்கி முத்திரை போட்ட கடிதத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள். நல்லவேளை, என்னிடம் கேட்காமல் பணம் போடவில்லை. பழைய நோட்டு, காசு வாங்குவதும் விற்பதும் தங்கள் வேலை இல்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதியே அறிவித்திருக்கிறது. அதைத் தேடி எடுத்து அண்ணிக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்ப அந்தக் காசெல்லாம் பெறாதா தம்பி?"

"பாத்துக்கிட்டிருக்கேன் அண்ணி."

மே 17

வேலை ஓடவில்லை. ஒரு மூக்குத்தி மட்டும் பற்றவைத்துக் கொடுத்தேன்.

மே 26

அமாவாசை. பாப்பாவை அழைத்துக்கொண்டு அக்னி தீர்த்தம் போனேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வழியெல்லாம் படகுகள் சும்மா நிற்கின்றன. தர்ப்பணம் முடிந்து ஆட்கள் முங்குகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, இடுப்பளவு நீரில் ஒருவர் மணலை அள்ளித் தட்டில் அலசிக்கொண்டிருந்தார். யாத்திரைக்காரர்கள் போடும் சில்லறை, நழுவிய மெட்டி, தோட்டுத் திருகு. "பழசு வருமா அண்ணே?" என்று கேட்டேன். அவர் மடியிலிருந்து ஒரு காசை எடுத்து என் கையில் வைத்தார். எந்தக் காசு என்று சொல்ல முடியாதபடி கடல் தின்றுவிட்டிருந்தது. "இதை யாரு வாங்குவா?" என்றார். காசு கேட்காமலேயே எனக்குக் கொடுக்கப் பார்த்தார். வாங்கிக்கொள்ளாமல் வந்தேன்.

பாப்பா பஸ்ஸில் பேசவே இல்லை. மண்டபம் தாண்டும்போது, "இந்த ரூட்லதான அப்பா ஓடுனாக சித்தப்பா?" என்றாள்.

மே 27

கண்டக்டர் பையை அவிழ்த்தேன்.

டிக்கெட் கட்டின் பின்பக்கத்தைக் கிழித்து எழுதிய சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு காசு பொட்டலமாக. ஐந்தாம் ஜார்ஜ் கால் அணா: 'உச்சிப்புளி. ஒரு பாட்டி. சில்லறையோடு கலந்து கொடுத்தது.' ஓரம் வளைந்து வளைந்து இருக்கும் இலங்கைப் பத்து சதம்: '1990. மண்டபம் முகாம் நிறுத்தம். கைப்பிள்ளையோடு ஒரு பெண். இதுதான் இருந்தது.' டிக்கெட் பணத்தைத் தன் கையிலிருந்து போட்டிருப்பார். சீட்டில் அதை எழுதவில்லை.

பட்டறையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். ஆல்பத்துக் காசு எதற்கும் இப்படிச் சீட்டு இல்லை.

கடைசிப் பொட்டலத்தில் கறுத்து, பாதி அரித்த ஒரு செம்பு. சாய்த்துப் பிடித்தால் நந்தியின் முதுகு தெரிகிறது, கீழே 'சே' மட்டும் தெரிகிறது. அடி ஒரு பக்கமாக விலகி விழுந்திருக்கிறது. 'தங்கச்சிமடம். மணலில் கிடைத்ததாம். வலைக்காரர் ஒருவர், டிக்கெட் வேண்டாம் என்று சொல்லி இதைக் கொடுத்தார். டிக்கெட்டும் கொடுத்தேன்.'

மே 30

ராமநாதபுரம் அரண்மனைக்குப் போனேன். ராமலிங்க விலாசத்தில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. இதே மாவட்டத்தில்தான் அழகன்குளம். அங்கே அகழாய்வில் ரோமானியக் காசும் கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்தன. எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எந்த ஓட்டோடு கிடைத்தது என்று குறித்துவைத்ததால்தான் அந்தக் காசு கடல் வணிகத்துக்குச் சாட்சி ஆகிறது. அதையே யாரோ தோண்டி எடுத்து ஏலத்தில் விட்டிருந்தால் வெறும் ரோமானியச் செம்பு.

1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். 1972-ஆம் வருடச் சட்டப்படி நூறு வயதான காசு தொல்பொருள், வெளிநாட்டுக்கு விற்க முடியாது. இதெல்லாம் தெரிந்தும் உள்ளே போய் யாரிடமும் பேசாமல் திரும்பிவிட்டேன். தங்கச்சிமடத்துக் காசு சட்டைப்பையில்தான் இருந்தது.

ஜூன் 8

பாப்பா போனை நீட்டினாள். "சித்தப்பா, வெடிப்பப் பாருங்க." அதே சேது காசு மறுபடி ஏலத்துக்கு வந்திருக்கிறது. விற்பவர் பெயர் வேறு. 'தாத்தா பெட்டியில் இருந்தது, ஒன்றே ஒன்றுதான் உள்ளது' என்று போட்டிருக்கிறது. எடை இல்லை, விளிம்பின் படம் இல்லை. பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, எங்களிடம் இருக்கும் மூன்றையும் அருகருகே வைத்துப் படமெடுத்து, ஏலத் தளத்துக்குப் புகார் எழுதினோம். பதில் வரவில்லை. ராத்திரிக்குள் ஏலம் முடிந்துவிட்டது. யாரோ ஒருவர் ஜெயித்திருக்கிறார்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா என்று பாப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். கடைசி மூன்று மாதம் அண்ணன் எதுவுமே வாங்கவில்லை.

ஜூன் 15

தடைக்காலம் முடிந்தது. ஊரே பரபரப்பாக இருக்கிறது.

தங்கச்சிமடத்துக் காசை விற்றால் ஆல்பம் தின்ற பணத்தில் கால்வாசிகூட வராது. சீட்டைப் பிரித்துவிட்டு விற்றால் அண்ணன் அதற்காகச் செய்தது எல்லாம் போய்விடும். சீட்டோடு சேர்த்து அருங்காட்சியகத்தில் கொடுப்பதுதான் முறை. அதற்கு அண்ணி சம்மதிக்க வேண்டும். சம்மதம் கேட்பதற்கு முன்னால் ஆல்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

"பாத்தாச்சா தம்பி?" என்று மத்தியானம் கேட்டார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என்னிடம் ஒரு செயின் விற்பனைக்கு இருக்கிறது, அதை முதலில் பார்க்க வேண்டும். கல்லூரிக் கட்டணத்துக்கு 20-ஆம் தேதி கடைசி.