இரவு இரண்டு மணிக்குப் பிறகு

இன்டெல் 845ஜி மதர்போர்டின் நடுவில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று பழுப்பு நிறத்தில் ஓர் ஏஜிபி ஸ்லாட் இருக்கும், வெள்ளை நிறப் பிசிஐ ஸ்லாட்டுகளுக்கு மேலே, அவற்றைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி. 2003-இல் எங்கள் வீட்டுக்கு வந்த பென்டியம் 4 சிஸ்டத்தில் அது காலியாகவே கிடந்தது. படம் காட்டும் வேலையை மதர்போர்டே பார்த்துக்கொண்டது. அதற்கென்று தனி நினைவகம் இல்லை. இருக்கிற 256 எம்பி ரேமிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். வேர்டுக்கும் பாட்டுக்கும் டர்போ சி-க்கும் அது போதும். அண்ணன் அப்போது கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அவன் படிப்புக்காக அப்பா பி.எஃப். லோன் போட்டு வாங்கியது. விளையாட்டு என்ற பேச்சே அதில் எழக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். ஆயுத பூஜைக்கு மானிட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, துணி உறை போட்டு மூடிவிடுவாள்.

அப்பா பிளவக்கல் அணையில் லஸ்கர். ஷட்டரைத் திறப்பது, அடைப்பது, காலையில் அளவுகோலில் தண்ணீர் மட்டம் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது, அடைமழை நாளில் ராத்திரி முழுக்கக் கரையில் நிற்பது. வெளியூர்க்காரர்கள் பிளவக்கல்லை ஒரே அணையாகச் சொல்வார்கள். பெரியாறு, கோவிலாறு என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அணைகள். பெரியாறு அணை 47 அடி, கோவிலாறு அதைவிடச் சற்றுக் குட்டை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் விழுகிற மழைதான் இரண்டுக்கும் வரத்து. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஏமாற்றிவிட்டால் வத்திராயிருப்பு வட்டாரத்து வயல்களில் அந்த வருடம் பேச்சு மட்டும்தான் மிஞ்சும். எந்தக் கண்மாய் பெருகி எதற்கு மறுகால் போகும் என்பதெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். ஓடை இறங்கி வருகிற மலைக்குள் மட்டும் அவர் அதிகம் போனதில்லை. அது காப்புக்காடு. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் சரணாலயமான காடு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமானது.

அண்ணன் வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கியதும் மதுரைக்குப் பஸ் ஏறி ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்தான். ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200, 128 எம்பி. திருமங்கலம், கல்லுப்பட்டி வழியாகத் திரும்பி வரும்போது அந்தப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லையாம். 2003-இல் வெளிவந்தபோதே வேகம் போதாது என்று விமர்சிக்கப்பட்ட வரிசை அது. எங்கள் தெருவில் அந்த விமர்சனத்தைப் படித்தவர் யாரும் இல்லை.

மாட்டித் தர ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிஸ்டம் பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்தார். சட்டைப் பையில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு பெயின்ட் பிரஷ், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற ரப்பர். அவ்வளவுதான் ஆயுதம். முதலில் கேபினெட்டின் இரும்பைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்; உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் இறங்கட்டும் என்று. பிரஷால் தூசி தட்டினார். ரேமைக் கழற்றி அதன் தங்க நிறக் கால்களை ரப்பரால் தேய்த்தார். அன்றைக்கு இந்த வட்டாரத்துச் சிஸ்டங்களின் பாதி நோய் அந்த ரப்பருக்கே தீர்ந்துவிடும். பிறகு மதர்போர்டின் கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் மட்டமான திரவம் அடைத்த கெப்பாசிட்டர்கள் புடைத்து ஒழுகிக்கொண்டிருந்தன. தலை தட்டையாக இருந்தால் பயமில்லை என்று எங்களையும் தடவிப் பார்க்கச் சொன்னார். கார்டை ஸ்லாட்டில் வைத்து இரண்டு கட்டைவிரலால் அழுத்தியபோது டிக்கென்று கேட்டது. காசைப் பற்றிப் பேசும் முன்னால் அம்மா கொடுத்த காபியை நிதானமாகக் குடித்தார். வீட்டுக்கு வந்து, திறந்து காட்டி, உள்ளே என்ன இருக்கிறதென்று சிறுவர்களுக்கும் சொல்லிக் கொடுத்த அந்த மாதிரி மனிதர்களால்தான் எங்கள் தலைமுறைக்கு இயந்திரத்தின் மேலிருந்த பயம் போயிற்று. அதற்கு அவர்கள் தனியாக எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

தெருப் பையன்கள் நீட் ஃபார் ஸ்பீடு பார்க்க வந்தார்கள். ஒருவன் ஓட்ட, ஆறேழு பேர் பின்னால் நின்று வளைவுகளில் தாங்களும் சாய்வார்கள். அம்மாவின் சட்டம் ஒரே வாரத்தில் காலாவதியானது. அதைச் சொல்ல நிறைய இருக்கிறது என்றாலும் எனக்கு இன்றைக்கும் முன்னால் வந்து நிற்பது வேறொரு ராத்திரி.

அப்போது வீட்டிலிருந்த பிஎஸ்என்எல் பிராட்பேண்டின் ஹோம் 500 திட்டத்தில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. பகலில் ஒவ்வொரு எம்பியையும் எண்ணிச் செலவழிப்போம். ராத்திரி அலாரம் வைத்து எழுந்திருப்போம். அப்படி ஒரு மழைநாள் ராத்திரியில் அண்ணன் கூகுள் எர்த்தைத் திறந்தான். மதர்போர்டு படம் காட்டிய காலத்தில் அது நொண்டி நொண்டித்தான் வரும். அதில் உலகம் வெறும் புகைப்படமாக இல்லை. லட்சக்கணக்கான சிறு முக்கோணங்களைக் கோத்து நிலத்தைக் கட்டி, அதன்மேல் செயற்கைக்கோள் படத்தைப் போர்த்த வேண்டும். மவுஸ் நகர நகர அத்தனை முக்கோணத்தையும் நொடிக்குப் பலமுறை புதிதாக வரைய வேண்டும். அந்தக் கூலி வேலையைச் செய்யத்தான் கிராபிக்ஸ் கார்டு.

அண்ணன் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைத் தேடினான். நேர் மேலிருந்து பார்த்தால் 192 அடிக் கோபுரமும் ஒரு புள்ளிதான். அதற்குள் அப்பா அணையிலிருந்து வந்துவிட்டார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பின்னால் நின்றவர், "நம்ம டேம் இதுல இருக்காப்பா?" என்று கேட்டார்.

இருந்தது. எங்கள் பகுதிக்கு அப்போது தெளிவான படம் வரவில்லை. கலங்கிய பச்சை, நடுவில் இரண்டு கறுப்புத் திட்டுகள். அப்பாவுக்கு ஏமாற்றம்தான். அண்ணன் ஷிஃப்டை அழுத்தி மவுஸை இழுத்துப் படத்தைச் சாய்த்தான். தட்டையாகக் கிடந்த பச்சை மெல்ல எழுந்து மலையாக நின்றது. படம் கலங்கலாக இருந்தாலும் உயரம் பொய் சொல்லவில்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பூமியைச் சுற்றிச் சுற்றி ரேடாரால் எடுத்த உயர அளவுகள் அவை. எங்கள் மலையையும் அது எங்களுக்குத் தெரியாமல் அளந்துகொண்டு போயிருக்கிறது.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிகரங்களின் வரிசையை வைத்து இடத்தைக் கண்டுகொண்டார். ஆயுள் முழுக்க அணைக்கரையிலிருந்து பார்த்த அதே விளிம்பு. பிறகு அந்த விளிம்புக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார். மடிப்பு மடிப்பாகப் பள்ளத்தாக்குகள். ஒவ்வொரு மடிப்பாக இறங்கி, எது பெரியாற்றுக்கு வருகிறது, எது கோவிலாற்றுக்குத் திரும்புகிறது என்று விரலால் திரையில் கோடு போட்டார். விடியும்வரை வேறு எதையும் பார்க்கவிடவில்லை. "ரெண்டு டேமுக்கும் ஒரே மழைதான் பெய்யுது. ஒண்ணுல மட்டும் ஏன் சீக்கிரம் ஏறுதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். எத்தனையோ மழைக்காலம் அந்தத் தண்ணீரை அளந்து எழுதியவருக்கு அது வருகிற வழியை அந்தக் கார்டுதான் காட்டியது. விளையாட்டுச் சாமான் என்று அதைப் பிறகு வீட்டில் யாரும் சொல்லவில்லை.

அந்தச் சிஸ்டம் 2012-இன் மின்வெட்டுக் காலத்தில் போயிற்று. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்ததில் உள்ளே கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் எரிந்து, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. எஃப்எக்ஸ் 5200 பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்குள் புதிய போர்டுகளில் ஏஜிபி ஸ்லாட்டே இல்லை, எல்லாம் பிசிஐ எக்ஸ்பிரஸ். நல்ல உயிரோடு இருந்த கார்டுக்கு உட்கார இடமில்லாமல் போயிற்று. அப்பா 2014-இல் போனார். அண்ணன் வெளிநாட்டில். சிஸ்டம் பார்க்கும் அண்ணன் கடையை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது அம்மா வீட்டில் இருப்பது எச்61 போர்டு, இரண்டாம் தலைமுறை ஐ3. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றதும் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். யூடியூப் மட்டும் திக்கியது. யூடியூப் பெரும்பாலும் விபி9 முறையில் சுருக்கித்தான் வீடியோவை அனுப்புகிறது. அந்தக் காலத்துச் சிப்புக்கு அதை விரிக்கத் தெரியாது. பிராசஸர்தான் மூச்சு வாங்கி விரிக்க வேண்டும். அதற்காக ஒரு ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டு மாட்டினேன். பழைய எஸ்எம்பிஎஸ்ஸே தாங்கும், 30 வாட்தான் இழுக்கும். வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: இதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடும் ஒரு கார்டு விற்கிறார்கள். நினைவகத்தின் வேகம் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பெட்டியில் ஜிடிடிஆர்5 என்று இருந்தால்தான் காசு கொடுக்கலாம்.

அணைக்குப் பக்கத்து ஊரான கூமாபட்டியும் அணையும் 2025-இல் இன்ஸ்டாகிராம் வீடியோக்களால் ஊர் உலகத்துக்கே தெரிந்துவிட்டன. அந்த வீடியோக்களில் இருப்பதெல்லாம் தண்ணீரும் கரையும். நான் கூகுள் எர்த்தைத்தான் போட்டேன். பெரியாறு மதகின் சங்கிலி வரைக்கும் தெரியுமோ என்கிற தெளிவு. பழைய வருடப் படங்களுக்குப் போகும் பட்டையை இடதுபக்கம் இழுத்துக்கொண்டே போனேன். கடைசியில் அதே கலங்கிய பச்சை வந்தது. சாய்த்தேன், மலை எழுந்தது. அந்த மடிப்புகளில் அப்பா போட்ட கோடுகளில் பாதி எனக்கு நினைவில்லை. தண்ணீரைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இப்போதுதான் எனக்கு வருகின்றன. பதில் தெரிந்தவர்கள் பழைய லஸ்கர்களில் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருக்கக்கூடும், விசாரிக்க வேண்டும்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். அவள் பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம், வருசநாட்டில். பஸ்ஸில் போனால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று மலையைச் சுற்றிக்கொண்டு ஒரு நாள் பிழைப்பு.

"இப்பிடியே மேல ஏறி அங்கிட்டு இறங்குனா எங்க ஊருதானய்யா?"

ஆமாம் என்றேன்.

"உங்கப்பா அன்னைக்கு இந்தப் பக்கத்தையே பாத்துட்டு ஆஃப் பண்ணிட்டாரு. நீ ஏத்து" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை எடுத்துவரச் சொன்னாள்.