இரண்டரை நாழிகை

சென்ற மாதம் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு எழுத உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரின் மூலையில் மணி மூன்றரை என்று இருந்தது. முந்தின இரவு பத்து மணிக்கு முடித்த அத்தியாயம், மாலை நாலரைக்கே முடிந்துவிட்டதாகக் காட்டியது. அந்த நாலரைக்கு நான் கடைத்தெருவில் நின்று காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

அந்த மெஷின் பழையது. என் அக்காள் மகன் விடுமுறையில் வந்தபோது அதைத் துடைத்துக் கழுவாத குறையாகச் சுத்தம் செய்து, லினக்ஸைப் புதிதாகப் போட்டு, என் பழைய ஏற்பாடுகளையெல்லாம் அப்படியே அதில் ஏற்றிவிட்டுப் போயிருந்தான். அவனுக்குப் போன் செய்தேன்.

"கடிகாரம் கெடவில்லை மாமா. அது கிரீனிச்சில் இருக்கிறது" என்றான்.

பிறகு விளக்கினான். கம்ப்யூட்டருக்குள் ஓடும் கடிகாரத்துக்கு இந்தியா, இங்கிலாந்து என்ற பேதம் கிடையாது. 1970 ஜனவரி 1ஆம் தேதி கிரீனிச்சில் நள்ளிரவு அடித்ததே, அதிலிருந்து இத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. அந்த எண்ணிக்கையை நம் ஊர் மணியாக மாற்றிச் சொல்ல வேறொரு கோப்பு வேண்டும். ஊருக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான கோப்புகள் உண்டு. என் பழைய ஏற்பாட்டில் 'ஏஷியா, கல்கத்தா' என்று இருந்தது. அந்த நகரம் 2001இல் கொல்கத்தா ஆயிற்று. கோப்பின் பெயரும் 2008இல் மாறிற்று. பழைய பெயரையும் வைத்திருப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் புதிய லினக்ஸ் சிலவற்றில் அவற்றைத் தனி மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டார்கள். கேட்ட பெயர் கிடைக்காவிட்டால் மெஷின் புகார் சொல்வதில்லை. வாய் பேசாமல் கிரீனிச்சுக்குப் போய்விடுகிறது.

அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். 'டி.இசட். டேட்டா' என்ற மூட்டை இறங்கியது. எந்தக் கண்டம் என்று கேட்டது, ஏஷியா என்றேன். எந்த நகரம் என்று கேட்டது. சென்னையைத் தேடினேன், இல்லை. ஒரே மணி நடக்கும் பிரதேசம் முழுவதற்கும் ஒரு பெரிய நகரத்தின் பெயரை வைத்துவிடுவது அங்கே வழக்கமாம். கொல்கத்தாவை அழுத்தினேன். மணி சட்டென்று ஐந்தரை மணி நேரம் தாவிச் சரியாக நின்றது.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். "அந்தக் கோப்பின் மூலத்தை அனுப்புகிறேன், படித்துப் பாருங்கள். உங்களுக்குப் பிடிக்கும்" என்று அவன் சொன்னதால் முடியவில்லை.

மெஷினுக்குப் போய்ச் சேரும் கோப்பு மனிதர் படிக்கக் கூடியதல்ல. அதற்கு மூலமாக இருப்பது சாதாரண எழுத்தில் எழுதிய ஒரு பேரேடு. அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980களில் அதை ஆரம்பித்தார். அவருக்குப் பின் பால் எகர்ட் என்பவர் அதைப் பேணி வருகிறார். எந்த நாட்டு அரசாங்கம் எப்போது கடிகாரத்தைத் திருப்பச் சொன்னது என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இலங்கை 1996இல் மணியை முன்னே தள்ளியது, அதே வருஷம் பாதி பின்வாங்கியது, 2006 ஏப்ரலில் மறுபடி நம் மணிக்கே திரும்பியது எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு வரியின் காலம் முடிந்தால் அதை அடிப்பதில்லை. எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே குறித்துவிட்டு, கீழே அடுத்த வரியை எழுதுகிறார்கள்.

நம் நாட்டுக்கு உள்ளவை எட்டே வரிகள். மூன்றாவது வரியில் சென்னை உட்கார்ந்திருந்தது. 1870 முதல் 1906 வரை மதராஸ் நேரம்: கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 10 விநாடி முன்னால். நகரப் பட்டியலில் இடம் இல்லாத ஊருக்கு இங்கே இடம் இருந்ததில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை. கடைசியிலிருந்து இரண்டாவது வரியில் கண் நின்றுவிட்டது. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 15 வரை ஆறரை! யுத்தத்துக்காகத் தேசம் முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்த காலம் அது.

என் அத்தை பிறந்தது 1943 டிசம்பரில்.

அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. எட்டாம் இடத்தில் செவ்வாய். பெண்ணுக்கு அது மாங்கல்ய ஸ்தானம். எங்கள் வீட்டில் இதைத் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். பிறந்தபோது எழுதிய ஜாதகம் 1952 புயலில் நனைந்து போயிற்று. வரன் பார்க்கும் காலத்தில், தாத்தாவின் டைரியில் இருந்த ஒரு வரியை வைத்துப் புது ஜாதகம் கணித்தார்கள். 'மார்கழி 5, பின்னிரவு மணி 2.20, பெண்.' அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

அக்காள் மகனிடம் ஒரு ஜாதக புரோகிராமைப் போடச் சொன்னேன். ஐந்தரை என்று வைத்துக் கணித்தால் துலா லக்கினம். ரிஷபத்தில் இருந்த செவ்வாய் எட்டில் விழுந்தது. பேரேட்டின்படி ஆறரை என்று வைத்தால் உண்மையில் மணி 1.20, கன்னி லக்கினம், அதே செவ்வாய் ஒன்பதில். தோஷமே இல்லை. லக்கினம் ஒன்றுக்குச் சுமார் ஐந்து நாழிகை. யுத்தம் எடுத்துக்கொண்டது இரண்டரை.

எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. இருந்தும் அன்று தூக்கம் வரவில்லை. நம்பாதவனுக்கும் கணக்குத் தப்பினால் வலிக்கும் போலிருக்கிறது. சொல்வதா, விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். எண்பதைத் தாண்டியவரிடம் இதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? ஆனால் இது அவருடைய சமாசாரம். நான் பூட்டி வைக்க எனக்கு என்ன உரிமை?

சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். "தாத்தா எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார், அத்தை?"

"ஸ்டேஷன் கடிகாரம்தான். வேறே ஏது? அவருக்கு ராத்திரி டியூட்டி. பக்கத்து வீட்டுப் பையன் ஓடிப்போய்ச் சொன்னானாம், பெண்ணு பொறந்திருக்குன்னு. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கிட்டாராம்."

அப்படியானால் சந்தேகத்துக்கு இடமில்லை. சில வீடுகளில் பழைய மணியையே வைத்துக்கொண்டிருக்கலாம். ரெயில் அப்படி ஓட முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ எட்டிலே இல்லையா?" என்றார்.

"ஒன்பதிலே."

"சரியா எழுதியிருந்தா மட்டும் என்னடா? இன்னொரு கட்டத்திலே இன்னொண்ணைக் கண்டுபிடிச்சிருப்பாங்க. சீர் செய்யக் கையிலே பணம் இல்லாதப்போ ஜாதகம் ஒரு சௌகரியம். நமக்கும்தான், வந்தவங்களுக்கும்தான்."

முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். இதை அவர் என்றைக்கோ போட்டுப் பார்த்து முடித்திருக்கிறார் என்று தெரிந்தது. நான் ஆறுதலாகச் சொல்ல வைத்திருந்த வார்த்தைகளை விழுங்கிக்கொண்டேன்.

இரவு சாப்பிட்டபின் அவராகவே சொன்னார். "1963லே ஒருத்தர் வந்தார். போஸ்டாபீசிலே வேலை. ஜாதகத்தை வாங்கிட்டுப் போனவர் திரும்பி வரல்லே. இப்போ அவருக்குத் தொண்ணூறு இருக்கும்." அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அந்த வரியைக் காட்டச் சொன்னார். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். திரையில் விரலை வைத்து 1942, 1945 என்று வாய்விட்டுப் படித்தார்.

"யாரோ வெளிநாட்டுக்காரங்க இதையெல்லாம் எழுதி வச்சிருக்காங்களா? நமக்கே மறந்து போச்சே" என்றார். பிறகு, "அப்பா டைரியை எடு. 1.20ன்னு எழுதிடு" என்றார்.

பேனாவைத் திறந்தேன்.

"அதை அடிச்சிடாதே. அவர் பார்த்தது அந்த மணிதான். பக்கத்திலே எழுது."

பக்கத்தில் எழுதினேன்.