திறக்காத கோப்புகள்

வேலை கேட்டு வந்தவர்களிடம் வீட்டில் செய்துவரச் சொல்லி நான் கொடுத்த டிசைன் டாஸ்க்குகளில் பாதியைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. சிலவற்றைத் திறக்கவே இல்லை. திறக்காத கோப்புகளை அனுப்பியவர்களுக்கும் சேர்த்தே, அவர்களுடைய உழைப்பைப் பாராட்டுவதாகவும் இந்த முறை வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகவும் ஒரே மின்னஞ்சல் போனது. அதுகூடப் போகாதவர்களும் உண்டு. இதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அது எப்படி நடந்தது என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

சென்னையில், மருந்துக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் டிசைன் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தேன். யூ.எக்ஸ். டிசைனரின் வேலை திரையை அழகாக்குவது என்று வெளியில் நினைக்கிறார்கள். கடைக்காரர் எந்த வரிசையில் யோசிக்கிறார், எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று கண்டுபிடித்து அதற்கேற்பத் திரையை அமைப்பதுதான் வேலை. இந்தத் திறமையை நேர்முகத் தேர்வில் பிடிப்பது கடினம். கோடிங் டெஸ்ட்டில் நிரல் ஓடுகிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். டிசைனரின் போர்ட்ஃபோலியோவில் இருப்பதோ பலபேர் சேர்ந்து செய்த வேலை. அதில் அவர் கைபட்டது எது என்று தெரியாது. ஆகவே வீட்டுக்கு ஒரு டாஸ்க் கொடுத்துப் பார்ப்பது என்ற வழக்கம் எங்கள் தொழிலில் வேரூன்றிவிட்டது.

எங்கள் நிறுவனத்தில் அதைக் கொண்டுவந்தவனே நான்தான். நிறுவனரைச் சம்மதிக்க வைக்க ஓர் ஆய்வைக் காட்டினேன். பிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இருவர் 1998இல் வெளியிட்டது; ஆள் எடுக்கும் முறைகள் பற்றி 85 ஆண்டுகளாக நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்தது. பின்னாளில் ஒருவர் எப்படி வேலை செய்வார் என்பதை முன்கூட்டிக் காட்டுவதில், வேலையின் ஒரு பகுதியையே செய்யவைத்துப் பார்க்கும் சோதனைக்கு அதில் 0.54 என்ற உயர்ந்த மதிப்பு கொடுத்திருந்தார்கள். அந்த ஓர் எண்ணை ஸ்லைடில் பெரிதாகப் போட்டேன். அத்தகைய சோதனை என்பது எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே சூழல், எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்பே எழுதிவைத்த அளவுகோல் ஆகியவற்றோடு நடத்தப்படுவது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, வந்ததை மனம்போனபடி பார்ப்பதல்ல. இது எனக்குத் தெரியும். நிறுவனரிடம் சொல்லவில்லை. 2022இல் பால் சாக்கெட்டும் அவருடன் சேர்ந்தவர்களும் பழைய கணக்கைத் திருத்தி, அந்த 0.54ஐ 0.33 ஆகக் குறைத்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளை முறையாகக் கேட்கும் நேர்முகத் தேர்வு 0.42 என்ற மதிப்போடு அதை முந்தியது. அதைப் படித்த பிறகும் ஸ்லைடை நான் மாற்றவில்லை. டாஸ்க் எனக்கு வசதியாக இருந்தது. எதிரே ஒருவரை உட்காரவைத்து நல்ல கேள்விகள் கேட்டு, அவர் சொல்வதைக் கவனித்து, ஒரு முடிவுக்கு வருவது உழைப்பு. அந்த உழைப்பை வந்தவர்களின் சனி, ஞாயிறுகள் மீது ஏற்றிவிட்டேன்.

டாஸ்க் இதுதான். மருந்துக்கடையில் காலாவதித் தேதி நெருங்கிய மாத்திரை அட்டைகளை, மொத்த விற்பனையாளரான ஸ்டாக்கிஸ்ட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். எந்த மருந்து, எந்த பேட்ச், எத்தனை அட்டை, எந்த பில்லில் வந்தது என்று பதிந்து, அந்தத் தொகைக்கு கிரெடிட் நோட் வாங்க வேண்டும். காலத்தில் அனுப்பாவிட்டால் நஷ்டம் கடைக்காரருடையது. இதற்கான திரைகளை வடிவமைத்து வாருங்கள், நான்கு மணி நேரம் போதும் என்று எழுதியிருந்தேன்.

நான்கு மணி நேரம் போதாது. மருந்துக்கடைப் பக்கமே போகாத ஒருவருக்கு இந்தச் சிக்கல் புரியவே ஒரு நாள் பிடிக்கும். நான்கு மணி நேரத்தில் முடித்த நேர்மையானவரின் வேலை, ஒரு வாரம் ராத்திரி கண்விழித்தவரின் வேலைக்குப் பக்கத்தில் சோகையாகத் தெரிந்தது. நான் எடுத்தது கண்விழித்தவரை. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவருக்கும், இன்னொரு வேலையில் நோட்டீஸ் பீரியடில் திணறிக்கொண்டிருப்பவருக்கும் என் டாஸ்க்கில் இடமே இருக்கவில்லை. "சார், அந்த கேண்டிடேட் ரெண்டு நாள் டைம் கேக்கறாங்க, என்ன சொல்லட்டும்?" என்று ஹெச்.ஆர். பெண் கேட்டபோது, "குடுங்க, ஆனா நோட் பண்ணிக்கோங்க" என்று சொன்னவன் நான். நோட் பண்ணிக்கொள்வது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வந்த கோப்புகளைப் பெரும்பாலும் எப்படிப் பார்த்தேன் என்றால், ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளின் லிங்க்கைத் திறந்து, முழுவதும் தெரியும்படி தூரமாக்கி, வண்ணமும் எழுத்தும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று ஒரு நோட்டம். அந்தத் தூரத்தில் எழுத்தைப் படிக்க முடியாது. அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்ற விளக்கமெல்லாம் அந்த எழுத்தில்தான் இருந்தது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. டாஸ்க்கில் "பயனரிடம் பேசிய விவரத்தையும் சேருங்கள்" என்று ஒரு வரி வைத்திருந்தேன். நெருங்கிப் படித்த சிலவற்றில் பெரும்பாலும் ஐந்து பேரிடம் பேசியதாக இருக்கும். ஐந்து பயனர்களைச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியதை எங்கள் தொழிலில் எல்லோரும் படித்திருப்பார்கள். அதனால் அந்த ஐந்து. கடைக்காரர்கள் சொன்னதாக மேற்கோள் குறிகளுக்குள் வாக்கியங்கள் இருக்கும். நிஜமான கடைக்காரர் நடுவில் யாருக்கோ சில்லறை கொடுப்பார், பாதியில் வேறு பேச்சுக்குப் போவார். இந்த வாக்கியங்களோ டிசைனரின் முடிவுக்கு வேண்டியதை மட்டும் அளந்து சொல்லின. இட்டுக்கட்டியவை என்று பார்த்தவுடன் தெரிந்தது. வார இறுதிக்குள், சம்பளமில்லாமல், முன்பின் தெரியாத கடைகளில் ஐந்து பேரைப் பிடித்து அவர்கள் எப்படிப் பேசியிருக்க முடியும்? முடியாததைக் கேட்டது நான். பயனர் சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது எங்கள் தொழிலில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். நான் அதற்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலின் முதல் பாடமாக அதைத்தான் நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

ஒருவர் திரையே அனுப்பவில்லை. ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள் அனுப்பினார். வெட்டிய அட்டையை ஸ்டாக்கிஸ்ட் எடுத்துக்கொள்வாரா? ஒரே மருந்தை இரண்டு ஸ்டாக்கிஸ்ட்டிடம் வாங்கியிருந்தால் எந்த அட்டை யாருடையது என்று கடைக்காரர் எப்படி அறிவார்? பேட்ச் எண் அழிந்திருந்தால்? இந்தப் பதிவைச் செய்வது முதலாளியா, கவுண்டரில் நிற்கும் பையனா? இவற்றுக்குப் பதில் தெரியாமல் திரை வரைந்தால் அது ஊகமாகத்தான் இருக்கும், பதில் கிடைத்ததும் வரைந்து அனுப்புகிறேன் என்று முடித்திருந்தார். மதிப்பீட்டுத் தாளில் அவர் பெயருக்கு எதிரே "தெளிவில்லாத சூழலைக் கையாளத் தெரியவில்லை" என்று எழுதினேன். எனக்கு வந்தவற்றில் டிசைனர் செய்ய வேண்டிய வேலையைச் செய்த மிகச் சில மறுமொழிகளில் அதுவும் ஒன்று. வெட்டிய அட்டை பற்றிய கேள்விக்கு எனக்கே அப்போது பதில் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே என்பதால்தான் அவரை ஒதுக்கினேன் என்று இன்று நினைக்கிறேன். என் திறமைக் குறைவை அவர் பெயருக்கு எதிரே எழுதிவைத்தேன்.

இனி அந்தப் பெரிய தவறு. மதுரையிலிருந்து விண்ணப்பித்த ஒரு பெண், உண்மையிலேயே தன் தெருவிலிருந்த மருந்துக்கடைக்குப் போய் ஒரு சாயங்காலம் நின்று பார்த்திருக்கிறார். அந்தக் கடைக்காரர் காலாவதி நெருங்கிய அட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்ததும் அட்டைப்பெட்டிகளில் போடுகிறார். ஸ்டாக்கிஸ்ட்டுக்கு ஒரு பெட்டி, மேலே மார்க்கரில் பெயர். பெட்டி நிரம்பியதும், அல்லது அந்த ஸ்டாக்கிஸ்ட்டின் ஆள் வந்ததும், மொத்தமாகக் கணக்கெழுதிக் கொடுத்துவிடுகிறார். எங்கள் மென்பொருளோ மருந்தின் பெயரைத் தேடுவதிலிருந்து தொடங்கியது. கடைக்காரரின் மனதில் முதலில் வருவது ஸ்டாக்கிஸ்ட், மருந்து அதற்குப் பிறகுதான் என்று அந்தப் பெண் எழுதியிருந்தார். அவருடைய முதல் திரையில் பெட்டிகள்தான் இருந்தன. பார்வைக்குச் சுமாரான திரை, எழுத்துருகூடச் சரியில்லை. கைப்பேசியில் எடுத்த அந்தப் பெட்டிகளின் புகைப்படம் ஒன்று பக்கத்தில் இருந்தது.

இந்தக் கோப்பை நான் முழுக்கப் படித்தேன். படித்துவிட்டு, "விஷுவல் டிசைன் போதாது" என்று எழுதி நிராகரித்தேன். அதே காலாண்டில் எங்கள் மென்பொருளின் ரிட்டர்ன் பகுதியை, ஸ்டாக்கிஸ்ட் வாரியாகப் பெட்டிகளிலிருந்து தொடங்கும்படி மாற்றினேன். குழுவில் யாரும் இது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் களத்தில் பார்த்தது என்று சொல்லியிருப்பேன். அந்தப் பதிலைத் தயாராகவே வைத்திருந்தேன்.

அப்போது சட்டம் வேறு படித்தேன், தப்பித்துக்கொள்ள. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவரே. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குப் போகும். அந்தப் பெண் எங்கள் ஊழியர் அல்ல. அவர் வரைந்த திரை அவருடையது. ஆனால் கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கு மட்டுமே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. நான் அவருடைய திரையை நகலெடுக்கவில்லை, எண்ணத்தை மட்டுமே எடுத்தேன். எனவே குற்றமில்லை என்று நிம்மதியானேன். எங்கள் தொழிலில் விலையுள்ள பொருள் அந்த எண்ணம்தான். திரையை யாரும் வரைவார்கள். பெட்டிகளைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அங்கேயும் நிற்கவில்லை. வேறு நிறுவனத்துக்கு மாற முயன்றபோது, அந்த ரிட்டர்ன் பகுதியை என் போர்ட்ஃபோலியோவில் கேஸ் ஸ்டடியாகப் போட்டேன். "கடைகளைக் கவனித்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது" என்று தன்மையில் எழுதினேன். நேர்முகத் தேர்வில் அதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்கள். வேலை கிடைத்தது. அவர்கள் எனக்கு டாஸ்க் எதுவும் தரவில்லை; என் அனுபவத்துக்கு அது தேவையில்லை என்றார்கள்.

இப்போதிருக்கும் இடத்தில் வீட்டு டாஸ்க் கிடையாது. வருகிறவருடன் ஒன்றரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து, எங்கள் தயாரிப்போடு தொடர்பில்லாத ஒரு சிக்கலைப் பேசுகிறோம். கேள்விகளுக்கு நாங்கள் பதில் சொல்கிறோம். கேள்விகளுக்கே பெரும்பங்கு மதிப்பெண். வெளியே அனுப்பிச் செய்யவைக்க வேண்டிய கட்டாயம் வந்தால் பணம் கொடுத்துச் செய்யவைக்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறேன். இவை நல்ல ஏற்பாடுகள். எல்லா இடத்திலும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் இவற்றால் பழைய கணக்கு தீராது.

மதுரைப் பெண்ணைத் தேடி எழுதினேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் இந்தத் தொழிலிலேயே இல்லை. ஒரு பள்ளியில் கணினி ஆசிரியையாக இருக்கிறார். "அந்தப் பெட்டி ஐடியா நல்லாத்தான் இருந்ததா சார்?" என்று பதிலில் கேட்டிருந்தார். கோபித்து ஒரு வரிகூட இல்லை. மோசம் என்று நிராகரிக்கப்பட்டதாகவே இத்தனை நாளும் நம்பியிருக்கிறார். நன்றாக இருந்தது, எங்களிடம் வந்தவற்றிலேயே சிறந்தது, அதைத்தான் கடைகள் இன்றும் பயன்படுத்துகின்றன என்று எழுதினேன். அதை எழுத்தில் தர முடியுமா, தன் பெயரைச் சொல்லி, என்று கேட்டார். பழைய நிறுவனம் மறுத்துவிட்டது. என் கையெழுத்தில் கொடுத்திருக்கிறேன். போர்ட்ஃபோலியோவில் அந்த கேஸ் ஸ்டடியின் முதல் வரியை மாற்றி, பெட்டிகளைப் பார்த்தவர் யார் என்று அவர் அனுமதியோடு பெயர் போட்டிருக்கிறேன். என்னை வேலைக்கு எடுத்த மேலாளரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. வரும் திங்கட்கிழமை அவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். கேள்விகள் அனுப்பியவரின் முகவரி கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.