மழைக்குக் காத்திருக்கும் கிழங்கு: அருப்புக்கோட்டை கரிசலில் அதலைக்காய் காலம்

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில் ஒரு மணி நேரம் போனால் அருப்புக்கோட்டை வந்துவிடும். சித்திரை வெயிலில் இந்த வழியாகப் போனவர்களுக்கு ஞாபகம் இருப்பது வெடித்துக் கிடக்கும் கறுப்பு நிலமும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சீமைக்கருவேலமும்தான். அதே ஊருக்கு ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். நிலம் பச்சை கட்டியிருக்கும். சாலையோரத்திலும் சந்தையிலும் சாக்கை விரித்து, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பச்சைக் காய்களைக் குவித்து விற்றுக்கொண்டிருப்பார்கள். அதுதான் அதலைக்காய்.

இங்குள்ள காய்கறிக் கடைகளில் நூல்கோலும் கேரட்டும் பீட்ரூட்டும் கிடைக்கத்தான் செய்கின்றன. அவை நீலகிரி, கொடைக்கானல் பக்கமிருந்து லாரியில் இறங்குபவை. நூல்கோல், டர்னிப் போன்றவை குளிர் கேட்கும் பயிர்கள். அருப்புக்கோட்டை வெயில் அவற்றுக்கு ஒத்துவராது. ஆனால் இந்த மண்ணுக்கென்று சொந்தமாக ஒரு கிழங்கு உண்டு. அதை யாரும் சாப்பிடுவதில்லை, அது கொடுக்கும் காயைத்தான் சாப்பிடுகிறார்கள்.

மண்ணுக்குள் ஒரு சேமிப்பு

அதலை, பாகற்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. தாவரவியலில் இதன் பெயர் மொமார்டிகா சிம்பலேரியா. மெல்லிய கொடி, வெளிறிய சிறு பூ, வரிவரியாகப் புடைத்த குட்டிக் காய். மேலே தெரிவது இவ்வளவுதான். விஷயம் மண்ணுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு கொடிக்கும் அடியில் ஒரு கிழங்கு உண்டு.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பாதியளவு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் வெயில்தான். மழை நின்றதும் அதலைக்கொடி காய்ந்து, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கரிசல் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அத்தனை வெப்பத்திலும் கிழங்கு உள்ளே உயிரோடு கிடக்கும். அடுத்த மழை விழுந்ததும் துளிர்க்கும். யாரும் விதைப்பதில்லை, உரம் வைப்பதில்லை, தண்ணீர் பாய்ச்சுவதும் இல்லை. பருத்தி, சோளம், கம்பு, மல்லி விதைத்த புஞ்சைக்குள்ளும் வரப்பிலும் தானாக முளைத்து வரும்.

தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய செடி என்று நினைத்துவிட வேண்டாம். ஆந்திராவில் காசரகாய் என்றும், கர்நாடகத்தில் கர்ச்சிக்காய் என்றும் இதையே விரும்பிச் சாப்பிடுகிறார்கள். கரிசல் எங்கே இருக்கிறதோ, அங்கெல்லாம் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது.

அன்றைக்குப் பறித்து அன்றைக்கே

“இன்னிக்குப் பறிச்சது தாயி, இன்னிக்கே வதக்கிருங்க” என்று சொல்லித்தான் விற்பார்கள். அது வியாபாரப் பேச்சு மட்டுமல்ல. அதலைக்காய் பறித்த மறுநாளே பழுத்து வெடிக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் இது பெரிய நகரக் கடைகளுக்கு அவ்வளவாகப் போவதில்லை. குனிந்து குனிந்து ஒவ்வொரு காயாகப் பறிக்கவேண்டும், அதையும் உடனே விற்றுவிடவேண்டும். அதனால் விலையும் பல நாட்களில் பாகற்காயைவிடக் கூடுதலாகவே இருக்கும். மழைக்காலத்தில் வேலை குறைந்த நாட்களில் கிராமத்துப் பெண்களுக்குக் கைச்செலவுக்குக் காசு தருவது இந்தக் காய்தான்.

வாங்கும்போது கரும்பச்சையாக, கெட்டியாக இருப்பதைப் பாருங்கள். மஞ்சள் தட்டியிருந்தால் விதை முற்றியிருக்கும்.

சமையல் ரொம்பச் சுலபம். கழுவி, இரண்டு முனைகளையும் கிள்ளிவிடுங்கள். இளங்காயை நறுக்கவே வேண்டாம். நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து தாளித்து, நிறையச் சின்ன வெங்காயம் போட்டு வதக்கி, காயைச் சேருங்கள். உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் புளிக்கரைசல் விட்டு, தண்ணீர் வற்றிச் சுருளும்வரை மெல்லிய தீயில் விடுங்கள். கசப்பு அதிகம் என்று நினைத்தால் கடைசியில் வறுத்த நிலக்கடலைப் பொடியோ, துளி வெல்லமோ போடலாம். கம்மங்கஞ்சிக்கோ தயிர்ச்சாதத்துக்கோ தொட்டுக்கொள்ள இதற்கு ஈடில்லை. மீந்தால் வெயிலில் காயவைத்து வத்தல் போட்டுவிடலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் தேடி வாங்கும் காய் இது. உணவாகச் சாப்பிடலாம், ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அல்ல. கிழங்கை மட்டும் சாப்பிடவே கூடாது. நாட்டு வைத்தியத்தில் கருக்கலைப்புக்குப் பயன்பட்ட கிழங்கு அது. கர்ப்பிணிகள் காயையும் தவிர்த்துவிடுவது நல்லது.

திருச்சுழி வரை

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே சிறிது தூரத்தில் திருச்சுழி. விருதுநகர் - மானாமதுரை ரயில் பாதையில் இரண்டு ஊர்களுக்கும் நிலையம் உண்டு. 1879 டிசம்பர் 30 அன்று ரமண மகரிஷி பிறந்தது இந்த ஊரில்தான். சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயிலும், குண்டாறும் இங்கே இருக்கின்றன. பிரளய வெள்ளம் வந்தபோது சிவபெருமான் அதைச் சுழித்துப் பூமிக்குள் இறங்கச் செய்தார், அதனால் சுழியல் என்று பெயர் வந்தது என்கிறது தலபுராணம். வருடத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆற்றின் கரையில் நின்று இந்தக் கதையைக் கேட்டால், தண்ணீர் எங்கே போனது என்ற கேள்விக்கு ஊரே சொல்லிவைத்த பதில் போல இருக்கும். மேலே ஓடுவது கொஞ்ச நாள், உள்ளே தங்குவதுதான் நிலைக்கும். அதலைக்கிழங்கும் இந்தக் கணக்கில்தான் வாழ்கிறது.

வீட்டில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். விதை முளைப்பது சிரமம், கிழங்கு வைப்பதுதான் நம்பிக்கையான வழி. தெரிந்த விவசாயியிடம் கேட்டு, கொடி காய்ந்த பிறகு அவர் நிலத்திலிருந்து ஓரிரு கிழங்குகள் மட்டும் எடுத்து வாருங்கள். அகலமான தொட்டியில் கரிசல் மண்ணோடு கொஞ்சம் மணலும் மக்கிய எருவும் கலந்து, மூன்று விரல் ஆழத்தில் புதையுங்கள். மழை தொடங்கும்போது தண்ணீர் விட்டால் போதும். படர ஒரு வலையோ வேலியோ வேண்டும். காய்க்கும் காலத்தில் தினமும் பறியுங்கள். பொங்கலுக்குப் பிறகு கொடி காய்ந்ததும் தொட்டி செத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். கோடையில் தண்ணீரும் ஊற்றாதீர்கள், கிழங்கு அழுகிவிடும். நிழலில் சும்மா விட்டுவிடுங்கள்.

காட்டில் தானாக விளைவதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். காடுதான் குறைந்துகொண்டே வருகிறது. மாட்டு ஏர் மேல்மண்ணைக் கீறும், கிழங்கு தப்பிக்கும். டிராக்டர் கலப்பை ஆழமாகப் புரட்டி அதை வெட்டி வெளியே போட்டுவிடும். மக்காச்சோளம் ஏறிய புஞ்சைகளில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். அந்த மருந்துக்கு அதலையும் ஒரு களைதான். தரிசு விழுந்த நிலத்தைச் சீமைக்கருவேலம் மூடுகிறது, சாலையோர நிலம் பிளாட் ஆகிறது. எத்தனை கோடையையும் தாங்கும் கிழங்குக்கு இவற்றைத் தாங்கத் தெரியவில்லை.

விவசாயிகளால் ஒன்று செய்ய முடியும். வரப்பில் மட்டுமாவது மருந்து அடிக்காமல் விட்டால் அந்த இடத்தில் கொடி பிழைத்துக்கொள்ளும். நம்மால் முடிந்தது, சாலையோரத்தில் சாக்கு விரித்திருப்பவரிடம் பேரம் பேசாமல் அரைக் கிலோ வாங்குவது. காசு வரும் கொடியை யாரும் களையென்று பிடுங்கமாட்டார்கள். அடுத்த மழையில் அந்தப் பக்கம் போனால், வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.